யூக்ளினாவை எங்கே சேர்ப்பது?

அரைகுறையாகத் தெரிந்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பது ஒரு வரம். எனக்கு அது ரொம்பத் தாமதமாகத்தான் வாய்த்தது.

என் படிப்பெல்லாம் தாராவி ரத்திக் கடையில் (அதாங்க, பழைய பேப்பர் கடை) பொறுக்கியெடுத்த பாடப்புத்தகங்கள்தான். அட்டை கிழிந்த உயிரியல் புத்தகம் ஒன்று தலைகீழ்ப் பாடம். அதன்படி உலகத்தில் தாவரம் அல்லது விலங்கு, மூன்றாவது கிடையாது. பாக்டீரியா தாவரம், அமீபா விலங்கு. முடிந்தது கதை.

இந்த ஞானத்தோடுதான் செம்பூருக்குப் பெண் பார்க்கப் போனேன். அதற்கு முன் பார்த்த வீடுகளெல்லாம் “சொல்லி அனுப்புறோம்” என்றதோடு சரி. பெண் சுகந்தி நுண்ணுயிரியல் படித்து லேபில் வேலை பார்ப்பவள். போட்டோ பார்த்த நாளிலிருந்தே எனக்குத் தூக்கமில்லை.

குர்லாவில் வண்டி மாறும்போதுகூட அம்மா சொன்னாள்: “ஏல, காப்பி குடிக்க மட்டும் வாயத் தொற. இதையும் கெடுத்துராத.” துணைக்கு வந்த தம்பி செல்வம் சிரித்தான்.

கேசரி வந்தது. நான் வாயைத் திறந்தேன்.

“அமீபா சின்னதா இருந்தாலும் மிருகந்தான், இல்லீங்களா?”

சுகந்தி சிரித்தாள். (பிடித்துவிட்டது என்றே நினைத்தேன்.) “அப்போ யூக்ளினா?”

“பச்சையா இருக்குமே, செடி.”

“நீந்திப் போகுமே?”

“அப்ப விலங்கு.”

“ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”

“பகல்ல செடி, ராத்திரியில விலங்கு.”

அம்மாவைத் தவிர வீடே சிரித்தது.

“ரெண்டுமே இல்லீங்க. ரெண்டுலயும் சேராததுக்குத் தனி குரூப் போட்டு எவ்வளவோ காலமாச்சு. பாக்டீரியா அதுலயும் சேராது.”

அதோடு விட்டிருக்கலாம். “உங்க காலேஜ்ல தப்பாச் சொல்லிக் குடுத்திருக்காங்க” என்றேன்.

மறுநாள் அவள் அப்பா என் அம்மாவுக்குப் போன் செய்தார்: “மூத்தவர் வேண்டாம்மா. கூட வந்தாரே சின்னவரு, எவ்வளவு அடக்கம்! அவருக்குக் கேக்கலாமா?”

(அடக்கமாவது! வாய் நிறைய கேசரி.)

மாட்டுங்கா மண்டபத்தில் செல்வத்துக்கும் சுகந்திக்கும் கல்யாணம். போட்டோக்காரர், “ஜோடிங்க இந்த சைடு, பசங்க அந்த சைடு” என்றார். நான் நடுவில் முழித்தேன். “அண்ணன் எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

மாலையைச் சரிசெய்தபடியே மணப்பெண் சொன்னாள்: “பெரியத்தான் தனி குரூப்.”

மண்டபமே அதிர்ந்தது. அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பெயர். எந்த விசேஷத்தில் படம் எடுத்தாலும், “தனி குரூப் ஓரமா வாங்க” என்பார்கள். நானும் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

போன தீபாவளிக்குச் சுகந்தி சொன்னாள்: “பெரியத்தான், விஷயம் தெரியுமா? அந்தத் தனி குரூப்பே செல்லாதுன்னு கலைச்சிட்டாங்க.”

அப்படியானால் இனி நான் எங்கே நிற்பது என்று கேட்க நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை.