சுப்புராயன் மாற்றிய பாஸ்வேர்டு

சோரியாங்குப்பத்துச் சுப்புராயன் தன் வீட்டில் ஆட்சியைப் பிடிப்பது என்று முடிவு செய்துவிட்டார். சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம். பாஸ்வேர்டு போதும்.

கரண்டு பில், கேஸ், பேங்கு, டிவி எல்லாமே மனைவி மஞ்சுளாவின் கையில். சுப்புராயனை யாரும் எதுவும் கேட்பதில்லை. குழம்புக்கு உப்புப் போதுமா என்றுகூடக் கேட்பதில்லை. சொந்த வீட்டிலேயே குடியிருக்க வந்தவர் மாதிரி இருந்தார். அது அவருக்கு வலித்தது.

எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டு மகள் பெயர்தான். அது அவருக்கும் தெரியும். மஞ்சுளா களை எடுக்கப் போன நேரம் பார்த்து மாற்றினார். கரண்டுக்குச் சிங்கம், கேஸுக்குப் புலி, பேங்குக்கு யானை, டிவிக்குக் கரடி. இனி வந்து கேட்டுத்தானே ஆகவேண்டும்! அப்போது சொல்லவேண்டிய வசனத்தை மோட்டார் கொட்டகையில் நின்று சத்தமாகவே ஒத்திகை பார்த்தார்.

"தெரியலயா? குடு, நான் போட்டுத் தரேன்."

கொஞ்சம் அலட்சியம், கொஞ்சம் இரக்கம். நன்றாகத்தான் வந்தது.

ஒரு வாரம் போனது. இன்னொரு வாரமும் போனது. மஞ்சுளா கேட்கவே இல்லை. வாசலில் சிலிண்டர் வந்து இறங்கிய அன்று அவருக்குப் பொறுக்கவில்லை.

"இத்த யாரு புக் பண்ணது?"

"நான்தான். வேற யாரு?"

"பாஸ்வேர்ட மாத்தி வச்சிருந்தனே!"

"மாத்துனா இன்னா? மறந்துட்டேன்னு ஒரு பட்டன் இருக்குது. அத்த அமுக்குனா ஓடிபி வருது."

"எந்த நம்பருக்கு?"

"எல்லா எடத்துலயும் யார் நம்பர குடுத்த நீ?"

சுப்புராயனுக்கு நினைவு வந்தது. என் நம்பர் எதுக்கு, நாள் பூரா தொணதொணன்னு மெசேஜ் வரும், அவ நம்பரப் போட்டுக்குங்க என்று போன இடத்திலெல்லாம் பெருந்தன்மையாகச் சொன்னவர் அவரேதான். ஊரில் பாதி ஆம்பளைகள் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

"நீ மாத்துன அன்னிக்கே மெசேஜ் வந்துச்சு. களை எடுத்துக்குனே பாத்தேன்."

"அப்ப ஏண்டி என்ன ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா உனக்கு சந்தோஷமா இருந்திருக்கும். அதான் கேக்கல."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல். செத்தாலும் இவளிடம் பாஸ்வேர்டு கேட்பதில்லை என்று அங்கேயே சபதம் போட்டார்.

சபதம் சாயங்காலம் வரை தாங்கியது. பக்கத்து வீட்டு அரசு ஃபைனல் மேட்ச் பார்க்க வந்து சட்டமாக உட்கார்ந்தான். டிவி பாஸ்வேர்டு கேட்டது. கரடியைப் போட்டார். தவறு என்றது. சிங்கம், புலி, யானை எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டுப் பார்த்தார். எதுவும் எடுபடவில்லை.

"இன்னா மாமா, உன் வூட்டு டிவி உனக்கே தொறக்க மாட்டேங்குது?"

டாஸ் போட்டிருப்பார்கள். சுப்புராயன் ரிமோட்டோடு அடுப்பங்கரை வாசலில் போய் நின்றார்.

"மஞ்சு... அந்த டிவிக்கு..."

"சத்தமா கேளு. குக்கர் கத்துது."

"பாஸ்வேர்டு இன்னா?"

அரசுவுக்கும் கேட்டிருக்கும். மஞ்சுளா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். குரலில் கொஞ்சம் அலட்சியம், கொஞ்சம் இரக்கம்.

"தெரியலயா? குடு, நான் போட்டுத் தரேன்."