மயோசீன் துரைக்கு நான் சலாம் போட்டதில்லை

மதிப்புக்குரிய பத்திராதிபர் ஐயா சமுகத்துக்கு,

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டம், மேல் டிவிசன் ஆறாம் லயத்து வீட்டிலிருந்து, காலஞ்சென்ற தம்பையாவின் சம்சாரம் ராமலட்சுமி எழுதுவது. நான் நலம். நீங்களும் நலமாயிருக்க முனியாண்டிக்குச் சூடம் கொளுத்திவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். ஆனாலும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

உங்கள் பேப்பரில் வந்த கல்லைப் பார்த்த அன்றைக்கு என் வாசலில் இருந்தவர்கள்: பள்ளிக்கூடத்து இந்திரஜித் மாஸ்டர், அவர் கூட்டி வந்த, யுனிவர்சிட்டியில் கல் ஆராயும் றின்ஸா மிஸ், பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் கலாராணி, நான். அப்புறம் என் தேசிக்காய் ஊறுகாய்ச் சாடி, அதன் மூடிமேல் பாரத்துக்கு வைத்த கல். வேறு யாருமில்லை. எனக்கு மறதி கிடையாது.

உங்கள் பேப்பரில் மூன்றாம் பக்கத்தில் "மடுல்சீமையில் கடல்! தேயிலை மலையில் கிடைத்த சிப்பிக் கல்" என்று போட்டிருக்கிறீர்கள். சுத்தப் பொய். அது எழுபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதம் என் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டு வந்த கல். அப்போது அவர் பண்டாரவளை மொஹிதீன் முதலாளியின் மரக்கறி லொறியில் கிளீனர். கல்யாணமாகி ஒரு வருஷம். நான் கடலைப் பார்த்ததில்லை, என்னையும் கூட்டிப் போங்க என்று கேட்டேன். "லொறியில ஒனக்கு எங்க புள்ள எடம்? லீக்ஸ் மூட்டை மேலயா குந்துவ? நீ இரு, நான் கடலைக் கொண்டாறேன்" என்றார். நாலாம் நாள் வந்து சாரத்து மடியை அவிழ்த்தார். ஒரு வெள்ளைக் கல், நடுவில் விசிறி மாதிரி வரி வரியாய் ஒரு சிப்பி. "இந்தா கடல்" என்றார். "கல்லக் கொண்டாந்து கடலுங்கிறீங்களே, நான் என்ன பைத்தியமா?" என்று கேட்டேன், அதோடு மூன்று மாதம் பேசவில்லை. கல் ஊறுகாய்க்குப் போனது. அவர் கண் மூடும்வரை நான் அவரைப் பொய்க்காரர் என்றே கூப்பிட்டேன், அவரும் அதற்கு என்னம்மா என்று வந்தார்.

இப்போது அந்த மிஸ் கல்லைத் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "இது மத்திய மயோசீன் காலத்தது மாதிரி இருக்கு" என்றார். ஐயா, எங்களுக்குக் காலம் என்றால் தோட்டத்தை நடத்துகிற துரை பேரில்தான். லயத்துக்குத் தகரம் போட்டது மீசைத் துரை காலம், என் அம்மா செத்தது நெட்டைத் துரை காலம். ஆகவே நான் நியாயமாகக் கேட்டேன்: "பதினொரு துரைக்கு சலாம் போட்டிருக்கேன் மிஸ், மயோசீன் துரைன்னு யாரும் இங்க வரலையே?"

"சின்னத்துரையா இருந்திருப்பாருக்கா" என்றாள் கலாராணி.

இந்திரஜித் மாஸ்டருக்குச் சிரிப்பில் தேத்தண்ணி மூக்கு வழியாக வந்தது. மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "துரை இல்லம்மா. ஒன்றரைக் கோடி வருஷத்துக்கு முந்தின காலம். அப்ப மனுசரே இல்ல."

"அப்ப காலையில பெரட்டுக்களத்துல வேலைக்குப் பேர் கூப்பிட்டது யாரு?" என்று கலாராணி கேட்டாள். அவளை விடுங்கள்.

மிஸ் மெதுவாகச் சொன்னார். அந்தக் காலத்தில் பூமி கதகதவென்று இருந்ததாம். இப்போது யாழ்ப்பாணம் இருக்கிற இடத்தில் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல். சிப்பிகள் ஒவ்வொன்றாகச் செத்துச் சேற்றில் விழ, சேறு இறுகிக் கல்லானதாம். பிறகு தெற்குக் கோடியில் பனி பெருகி உலகமே குளிர்ந்து போனதாம். "நம்ம மலை?" என்றேன். "மலை அதுக்கும் ரொம்ப முந்தியே இருக்கு. கடல் இங்க ஏறினதே இல்ல. இந்தக் கல் எப்படி இங்க வந்துச்சுன்னுதான் தெரியல, எங்கம்மா கிடைச்சுது?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் என்பது இப்போது முக்கியமில்லை.

அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. காலையில் பள்ளத்தில் பனிமூட்டம் நிறைகிறது, கொழுந்து பறிக்கிறவர்களின் தலைகள் மட்டும் மிதந்து போகின்றன. நான் கல்லைக் காதில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். லயம் மெல்லத் தண்ணீருக்குள் இறங்குகிறது. தகரத்துக்கு மேலே மீன் போகிறது, ஈயச் சட்டியில் ஒரு சிப்பி சத்தமில்லாமல் வந்து உட்காருகிறது. தூரத்தில், கடலின் அடியில், மொஹிதீன் முதலாளியின் லொறி லைட்டுப் போட்டுக்கொண்டு அவசரமில்லாமல் வருகிறது. கல்லை நாக்கில் வைத்தும் பார்த்தேன். உப்பு. கடல் உப்பா ஊறுகாய் உப்பா என்று எந்த மிஸ்ஸாலும் சொல்ல முடியாது.

அந்த மனுசன் பொய் சொல்லவில்லை ஐயா. கடலைத்தான் கொண்டு வந்தார். ஆகவே "கடலை மடுல்சீமைக்குக் கொண்டு வந்தவர் லொறி கிளீனர் தம்பையா" என்று பெரிய எழுத்தில் திருத்திப் போடவும். தேயிலை மலையில் கிடைத்ததாக உங்களுக்குச் சொன்ன இந்திரஜித் மாஸ்டரை ஏழு ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன்.

உங்கள் அச்சு மெசின் பழுதில்லாமல் ஓடவும், வீட்டில் ஒருவருக்கும் சளி பிடிக்காமல் இருக்கவும் வாழ்த்தும்,
தம்பையா ராமலட்சுமி

பின்குறிப்பு: எழுதியதைக் கலாராணிக்கு வாசித்துக் காட்டினேன். "ஏக்கா, மிஸ் கேட்டப்ப தேயிலை மலையில பொறுக்கினதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இத்தன வருஷமா எல்லார்கிட்டயும் அப்படித்தானே சொல்றீங்க" என்றாள். வாஸ்தவம். கடலைக் கேட்டவளுக்குப் புருஷன் கல்லைக் கொடுத்தான் என்று எப்படி வெளியில் சொல்வது? மாஸ்டர் மேல் குற்றமில்லை, சிரித்ததை வேண்டுமானால் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். மேலே உள்ள அவர் பேரை அடித்துவிடுங்கள். நான் மன்னிக்க மாட்டாத ஆள் ஒருத்திதான், அவள் பேரை அங்கே எழுதிக்கொள்ளுங்கள்: ராமலட்சுமி.