தெருவே ஒப்புக்கொண்ட வழக்கு

ஒரு வக்கீல் நீதிமன்றத்தில் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு. அதை நான் என் முதல் வழக்கிலேயே, கறுப்பு கவுனின் மடிப்புகூடக் கலையாமல், வெகு உற்சாகமாகச் செய்து முடித்தேன்.

கட்சிக்காரர் எங்கள் பிள்ளையார்பாளையத்து மேகலா அக்கா, தறி நெய்கிறவர். ஒரு நாள் காலையில் தெருவில் பாவு நீட்டியிருந்தார் (தறியில் ஏற்றும் முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவது). ஒரு கார்க்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு அதற்குள்ளேயே வண்டியை விட்டார். அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டு முடிக்கும்வரை அக்கா கார் முன்னால் உட்கார்ந்துவிட்டார். பொதுவழியை மறித்ததாக வழக்கு.

"சின்ன கேஸ்பா. ஒப்புக்கச் சொல்லு, அபராதத்தோட போயிடும். இல்லேன்னா வாய்தா வாய்தாவா அலையணும்" என்றார் என் சீனியர்.

ஒப்புக்கொள்ள அதைவிட அவசரமான காரணம் அக்காவிடம் இருந்தது. அன்று மதியம் ஏனாத்தூரில், சம்பந்தி வீட்டில், மகளுக்கு வளைகாப்பு. வளையல்களை ஒயர் கூடையில் போட்டுக்கொண்டே கோர்ட்டுக்கு வந்திருந்தார்.

"தம்பி, பன்னெண்டு மணி பஸ்ஸ வுட்டா என் பொண்ணு மூஞ்சில முழிக்க முடியாதுடா."

"அக்கா, கேட்டா 'ஒப்புக்கிறேன்'னு ஒரே வார்த்தை. அவ்ளோதான்!" என்று மார்தட்டினேன். (எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பயமில்லை, பெருமை!)

மாஜிஸ்திரேட் அம்மா கேட்டார்: "தெருவை மறிச்சது உண்மையா? குற்றத்தை ஒப்புக்கிறீங்களா?"

அக்கா யோசித்தார். யோசிக்கவே கூடாது என்று சொல்ல மறந்திருந்தேன்.

"ஒப்புக்கிறேம்மா. ஆனா நான் ஒருத்தியா எப்டிம்மா பாவு நீட்ட முடியும்?"

"அப்போ ஒப்புக்கலையா? விசாரணைக்கு வைக்கட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அம்மா, பாவு கட்டக் கொம்பு நட்டது நாந்தாங்க!" அடுத்த வீட்டு அண்ணன். "இழைக்குக் கஞ்சி போட்டுக்கினு இருந்தது நானுங்கோ!" அவர் மனைவி. அக்காவுக்குத் துணையாக வந்திருந்த தெரு மொத்தமும் எழுந்து நின்றது. எங்கள் பக்கத்தில் பாவு நீட்டினால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் கை கொடுப்பார்கள், நாளை அவர்கள் வீட்டுப் பாவுக்கும் ஆள் வேண்டுமே. வேலையைப் பங்கு போட்டால் பாரம் குறைகிறதல்லவா, குற்றத்துக்கும் அதே கணக்கு என்று நினைத்துவிட்டார்கள்.

அவர்களை அடக்க வேண்டியவன் நான். கார் வந்த அன்று காலை காபி குடிக்கப் போன வழியில் நானும் பாவைப் பிடித்தது அந்தப் பாழாய்ப்போன நிமிடத்தில்தான் நினைவுக்கு வர வேண்டுமா? கை தானாக உயர்ந்தது.

"நானும்தான் மேடம்!"

என் சீனியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பார்க்க விருப்பமில்லை போலும்.

"வக்கீல் சார், நீங்க எந்தப் பக்கம்?"

"பாவோட கோடி முனைல மேடம்."

அரசு வக்கீல் ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். மாஜிஸ்திரேட் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அக்காவிடம் மறுபடி கேட்டார். என் பக்கமே திரும்பாமல், "ஒப்புக்கிறேம்மா" என்றார் அக்கா. அபராதம். கூடவே, கூச்சலுக்காகவோ என்னவோ, நீதிமன்றம் கலையும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்ற தண்டனை.

பஸ் போயிற்று. அக்கா கூடையை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. வெளியே ஓடி ஏனாத்தூருக்கு போன் போட்டு, உளறி, மன்னிப்புக் கேட்டேன். மறுமுனையில் மகள் சொன்னாள்: "அம்மா வர முடியலன்னா என்ன மாமா, நாங்க வர்றோம்!"

சாயங்காலம் கோர்ட் கலைந்ததும் வாசலில் ஷேர் ஆட்டோக்கள் வந்து நின்றன. சந்தனம், பூ, ஐந்து வகை சாதம், சம்பந்திகள்! புங்கமரத்தடியில் மனு அடிக்கும் டைப்பிஸ்ட்டின் நாற்காலியில் மகள் உட்கார, அக்கா முதல் வளையலைப் போட்டார். குலவையிடாத குறைதான்! ஜாமீனுக்குக் காத்திருந்தவர்கூடப் புளிசாதம் வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்கும் ஒரு தட்டு வந்தது. கொடுத்த அக்கா முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார்.

இன்றுவரை எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், ரிமோட் காணாமல் போனாலும் என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்பாள்: "வக்கீல் சார், நீங்களே ஒப்புக்கிறீங்களா, இல்ல தெருவ கூப்பிடட்டுமா?"