சமையலறையில் ஒரு கவுதாரி

மாதபா என்ற அரபு நகரத்தில் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சந்து, சந்துக் கடைசியில் ஒரு மஞ்சள் கல் வீடு, அந்த வீட்டில் கத்தாஸ் என்று ஒருவர். வார விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை காலை, காப்பியின் கடைசி வாயை உறிஞ்சியபடி அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தான் இந்த வீட்டில் இனிமேல் ஒரு ஆணிகூட அடிக்கப்போவதில்லை.

நியாயமாகச் சொன்னால், அதுவரைக்கும் அவர் அடித்ததே ஒரே ஒரு ஆணிதான். அதில் அவருடைய அப்பாவின் படம் தொங்கியது. நாளாவட்டத்தில் ஆணி சாய்ந்து, அப்பாவும் சாய்ந்து, இப்போது ஜன்னல் வழியாகத் தெருவில் யார் போகிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவுக்குக் காரணம் சமையலறை. அதன் தரைக்கடியில் ஒரு குழாய் எங்கோ கசிந்தது. மேலே மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் வருவது வாரத்துக்கு ஒரு நாள். அந்த நாளில் கீழே தரைக்கும் வியர்க்கும். வியர்த்து வியர்த்துத் தரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. தேநீர்க் கிளாஸை இந்த மூலையில் வைத்தால் அது மெதுவாக ஜன்னல் பக்கம் நடந்துபோகும். குடிக்கிறவர் பின்னாலேயே போகவேண்டும்.

கத்தாஸின் மனைவி நஜ்லா. மூத்த மகன் பெயர் ரம்ஸி என்பதால் ஊருக்கு அவள் உம்மு ரம்ஸி, அதாவது ரம்ஸியின் அம்மா; அவர் அபூ ரம்ஸி, ரம்ஸியின் அப்பா. ஒருவரையொருவர் அவர்கள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். மகன் குவைத்தில் வேலையில் இருந்தான். அவனுக்குக் கரக் ஊரில் பெண் நிச்சயமாகியிருந்தது. மாதக் கடைசியில் பெண்ணின் அம்மா வீடு பார்க்க வருவதாகச் செய்தி.

"அபூ ரம்ஸி, சம்பந்தியம்மா வர்றாங்க."

"வரட்டும். வாசக்கதவு நல்லாத்தானே இருக்கு."

"கதவைப் பாத்துட்டுப் போறதுக்கா அவ்வளவு தூரம் வர்றாங்க? நேரா சமையலறைக்குத்தான் வருவாங்க. பொண்ணைப் பெத்தவ முதல்ல பாக்கறதே அதைத்தான்."

"தரை லேசா சாஞ்சிருக்கு. அவ்வளவுதானே."

"நேத்து கேஸ் சிலிண்டர் தானா நகர்ந்து கதவு வரைக்கும் வந்துடுச்சு. யாரோ வந்திருக்காங்கன்னு நினைச்சு நான் முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டேன்."

"நீ எதையும் பெரிசு பண்ணுவே."

"பெரிசு பண்ணல. மூணு வழி சொல்றேன், ஒண்ணை எடுத்துக்குங்க. தரையைத் தோண்டிக் குழாயை மாத்துங்க. இல்லேன்னா மேற்குச் சாலையில புதுசா கட்டியிருக்கற ஃப்ளாட்டுக்குப் போயிடலாம். அதுவும் வேண்டாம்னா எங்கம்மா வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு."

முதல் வழி காதில் விழாதது போல இரண்டாவது வழியைப் பார்க்கக் கிளம்பினார் கத்தாஸ். ஃப்ளாட் நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்டுக்கான குழி தயாராக இருந்தது. லிஃப்ட் வந்துகொண்டிருக்கிறது என்றார் தரகர். எங்கேயிருந்து என்று சொல்லவில்லை. சமையலறைக்குள் ஒருவர் போனால் இன்னொருவர் வெளியே வரவேண்டும். கூடத்தில் கத்தாஸ் தும்மினார். "ஆண்டவன் காப்பாத்தட்டும்" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வாழ்த்தியது. "நல்ல அக்கம்பக்கம்" என்றார் தரகர்.

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. மாமியார் கீழே படுத்தபடி, தலைக்கு மேல் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்தே மருமகன் வேலைக்குப் போகிறானா தூங்கப் போகிறானா என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் தூங்கத்தான் என்பதும் அவருக்குத் தெரியும்.

மனைவி சொன்ன மூன்றும் சரிப்படாததால் கத்தாஸ் நாலாவது வழி தேடி அபூ ஜிரியேஸ் கடைக்குப் போனார். அபூ ஜிரியேஸ் சிறுவயதுக் கூட்டாளி. தேவாலயத் தெருவில் சுற்றுலாக்காரர்களுக்குக் கல்சித்திரம் விற்பவர். சின்னச் சின்ன வண்ணக்கல்லை ஒட்டி மான், மீன், மரம் என்று படமாக்குவது அந்த ஊரின் தொழில். அந்தக் காலத்தில் தேவாலயத் தரைகளில் பதித்தார்கள். இந்தக் காலத்தில் விமானத்தில் கொண்டுபோகிறார்கள்.

"என் மச்சான் வீட்ல கழிவுக்குழி தோண்டினாங்க, தெரியுமில்ல?" என்றார் அபூ ஜிரியேஸ். "குழிக்குள்ள ஒரு ஆடு. பழைய கல்சித்திரம். தொல்பொருள்காரங்க வந்து வேலி போட்டுட்டாங்க. அன்னையிலேருந்து அங்கே ஒரு மண்வெட்டி இறங்கினதில்ல. பாவம், பக்கத்து வீட்டுக் கழிவறைக்குத்தான் போறான்."

ஊரிலுள்ள மற்றவர்களுக்கு இது திகில் கதை. கத்தாஸுக்கோ தேவகானம் கேட்டதுபோல் இருந்தது. ஒரு மண்வெட்டி இறங்காது. ஒரு ஆணி இறங்காது. சட்டமே தடுக்கும்.

கடையின் பின்கட்டில் அடுக்கியிருந்தவற்றிலிருந்து ஒன்றை உருவினார். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு கவுதாரி. குண்டு உடம்பு, சிவந்த கால், கண் மட்டும் அபூர்வமான நீலம்.

"கண்ணைப் பாரு. அந்தக் காலத்துக் கல்லு மாதிரியே இருக்கு" என்றார் கத்தாஸ்.

"யாரு செஞ்சதோ. சரக்கு எடுத்துட்டு வர்றவ வீடு வீடாப் போய் வாங்கிட்டு வந்து கொட்டுவா" என்றார் அபூ ஜிரியேஸ். கத்தாஸ் அதையே விலைக்கு வாங்கிக்கொண்டார்.

ஊரில் பாதிப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை அது. உம்மு ரம்ஸியும் மத்தியானங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இடுக்கியால் கல்லை நறுக்கி, பசை தடவி ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பாள். அந்த வேலையைப் பற்றிக் கத்தாஸுக்குத் தெரிந்ததெல்லாம் கல் சில்லு செருப்புக்குள் போனால் குத்தும் என்பதுதான். அதைத் தினமும் சொல்வார். சொல்லி முடித்ததும் காணாமல்போன தன் நீலக் காப்பிக் கோப்பையைப் பற்றிக் கேட்பார். போன குளிர்காலத்திலிருந்து அந்தக் கோப்பையைக் காணவில்லை. கேட்டால் அவள் "எங்கேயும் போயிருக்காது" என்பாள்.

சனிக்கிழமை அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். கத்தாஸ் சட்டையைக் கழற்றினார். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இரண்டு டைலைப் பெயர்த்தார், தோண்டினார், சிமெண்ட் குழைத்தார், கவுதாரியைப் படுக்கவைத்தார். புதுசாகத் தெரியக்கூடாதென்று குளிர்காலக் கணப்பில் மிஞ்சிய சாம்பலைத் தேய்த்து, காலையில் மிச்சமிருந்த தேநீரை மேலே ஊற்றினார். டைலால் மூடினார். இடுப்பு ஒடிந்துவிட்டது. வேலை செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மாலையில் அவள் வந்ததும் தொட்டிப் பக்கம் போய்த் தடுக்கி விழுந்தார். விழுந்த வேகத்தில் டைல் நகர்ந்தது.

"உம்மு ரம்ஸி, இங்கே வா. நமக்கு வந்த சோதனையைப் பாரு."

அவள் மண்டியிட்டுக் குனிந்தாள். துணியால் துடைத்தாள். கவுதாரி தெரிந்தது. அதன் கண்மேல் அவள் விரல் கொஞ்ச நேரம் நின்றது. தோள் லேசாகக் குலுங்கியது. பரவசம் என்று நினைத்துக்கொண்டார் கத்தாஸ்.

"எந்தக் காலத்தது?"

"பைசாந்தியக் காலம். ஆயிரத்தைந்நூறு வருஷம் இருக்கும்."

அவள் முகர்ந்து பார்த்தாள். "புதினா வாசனை வருது."

"என்னது?"

"கவுதாரி மேல. அந்தக் காலத்திலேயே புதினாத் தேநீர்தான் குடிச்சிருக்காங்க போல."

"மண்ணுக்கடியில எந்த வேர் எங்கே ஓடுதுன்னு யாருக்குத் தெரியும்" என்றார் கத்தாஸ். பெருமூச்சு விட்டார். "இனிமே இந்தத் தரையை நாம தொடக்கூடாது. சட்டம் அப்படி. எனக்கும் மாத்தணும்னு ஆசைதான். என்ன செய்ய?"

"பாவம் நீங்க" என்றாள் அவள்.

அன்றிரவு அவர் நன்றாகத் தூங்கினார். மறுநாள் ஞாயிறு, அங்கே வாரத்தின் முதல் வேலைநாள். அலுவலகத்திலிருந்து திரும்பினால், அவள் வாசலிலேயே நின்றாள்.

"போன் பண்ணிட்டேன்."

"யாருக்கு?"

"பண்ணவேண்டியவங்களுக்கு. இதையெல்லாம் மறைச்சு வச்சா ஜெயில்னு நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்வீங்க. வியாழக்கிழமை வர்றாங்களாம். அதுக்குள்ள தரை முழுக்கத் திறந்திருக்கணுமாம்."

கத்தாஸ் உட்காரப் பார்த்தார். தரைச் சாய்வில் நாற்காலி விலகிப்போயிருந்தது.

அபூ ஜிரியேஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். "பழசை மறைச்சா ஒரு தண்டனை. போலியைப் பழசுன்னு காட்டினா இன்னொரு தண்டனை. நீ ரெண்டுக்கும் நடுவுல நிக்கறே."

"என்னதான் செய்யறது?"

"வியாழனுக்குள்ள பறவையை எடுத்துடு."

"வர்றவர் கேட்டா?"

"பெண்பிள்ளை, ஏதோ கண்ணு மயங்கிச் சொல்லிட்டான்னு சொல்லு."

அந்த யோசனை கத்தாஸுக்குப் பிடித்திருந்தது. அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னார். ஆனால் கவுதாரி வரவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வேலையை உறுதியாகச் செய்திருந்தார் மனிதர். உளி போதாமல் சம்மட்டி எடுத்தார், சம்மட்டி போதாமல் கடப்பாரை வாங்கிவந்தார். ஒருவழியாகப் பறவை பெயர்ந்தது. அதை வாளி மண்ணில் மறைத்து வெளியே வைத்தார். குழியில் புது சிமெண்ட் பளிச்சென்று சிரித்தது. அதையும் உடைத்தார். அங்கே மட்டும் பள்ளம் இருந்தால் சந்தேகம் வருமென்று பக்கத்திலும் உடைத்தார். உம்மு ரம்ஸி கதவில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மூலையை விட்டுட்டீங்களே, அபூ ரம்ஸி."

"அங்கே ஒண்ணும் இருக்காது."

"கவுதாரி தனியா இருக்குமா? ஜோடி எங்கேயாவது இருக்கும். தோண்டுங்க."

தோண்டினார். புதன்கிழமைக்குள் சமையலறை முழுக்கப் பள்ளமாகிவிட்டது. ஜோடி கிடைக்கவில்லை. பள்ளத்தின் அடியில் துருப்பிடித்துச் சொட்டிக்கொண்டு, அவருடைய அப்பா போட்ட குழாய் மட்டும் கிடந்தது.

வியாழக்கிழமை கத்தாஸ் கோட்டு போட்டுக்கொண்டார். பத்து விரலிலும் கொப்புளம் இருந்ததால் டை கட்ட முடியவில்லை. கதவு தட்டப்பட்டது. தோளில் கனத்த பையோடு ஒரு தடித்த மனிதர் நின்றார்.

"வாங்க ஐயா, வாங்க. உங்களை வீணா அலைய வச்சுட்டோம். இங்கே பழசுன்னு எதுவும் கிடையாது. என் மனைவிக்குக் கொஞ்ச நாளா கண்ணு சரியாத் தெரியறதில்ல, அதனால..."

வந்தவர் நேரே போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "பழசு இல்லையா? இவ்வளவு பழசை நான் பாத்ததே இல்லையே. இந்த மாதிரிக் குழாயை இப்ப யாரும் விக்கறதுகூட இல்ல." பையைத் திறந்து ஸ்பானரை எடுத்தார்.

கத்தாஸ் ஸ்பானரைப் பார்த்தார். "நீங்க... எந்தத் துறை?"

"நல்ல தண்ணி, கழிவுத் தண்ணி, ரெண்டு துறையும் நானேதான். தோண்டற ஆளுக்குத் தனிக்கூலி ஆகும்னு சொன்னேன். வேண்டாம், எங்க வீட்லயே ஒரு ஆள் இருக்குன்னு அம்மா சொல்லிட்டாங்க." அவர் பள்ளத்துக்குள் இறங்கிச் சுற்றிப் பார்த்தார். "நல்ல வேலைக்காரன். எங்கே கிடைச்சான்?"

கத்தாஸ் திரும்பினார். உம்மு ரம்ஸி கழுவித் துடைத்த கவுதாரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வாளி கனமா இருந்துச்சு. என்னன்னு பாத்தேன். இதைத் தரையில பதிக்கலாமா, சுவத்துல பதிக்கலாமா?"

"அது பைசாந்திய..." என்று தொடங்கினார் கத்தாஸ். பழக்கதோஷம்.

"கண்ணைப் பாருங்க. எதுல செஞ்சதுன்னு தெரியுதா?"

"ஏதோ அந்தக் காலத்து நீலக்கல்லு."

"உங்க காப்பிக் கோப்பை. போன குளிர்காலத்துல கை தவறி உடைஞ்சுது. அன்னைக்குன்னு பாத்து எனக்கும் நீலக்கல்லு தீர்ந்துபோச்சு."

அவர் குனிந்து பார்த்தார். அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது கண். ஓரத்தில் பொன் கோடுகூட இருந்தது.

"இது நீ செஞ்சதா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து உங்க கண்ணெதிர்லதான் உக்காந்து செய்யறேன். ஒரு நாளாவது என்ன செய்யறேன்னு திரும்பிப் பாத்திருந்தீங்கன்னா, வேற கவுதாரி வாங்கியிருப்பீங்க."

பள்ளத்துக்குள் ஸ்பானர் சத்தம் நின்றது. குழாய்க்காரர் மரியாதைக்காக இருமினார்.

மாதக் கடைசியில் சம்பந்தியம்மா வந்தார். நேரே சமையலறைக்குத்தான் போனார். புதுத் தரையில் இரண்டு நடை நடந்தார். தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்தார். அது வைத்த இடத்தில் இருந்தது. தொட்டிக்கு மேல் சுவரில் பதித்திருந்த கவுதாரியைப் பார்த்து, "யார் கைவேலை?" என்று கேட்டார்.

"என்னோடது" என்றாள் உம்மு ரம்ஸி.

"தரை?"

"தோண்டினதெல்லாம் இவர்தான். ஆள் வேண்டாம்னுட்டார்."

சம்பந்தியம்மாவின் முகம் மலர்ந்தது. இப்படியொரு மாமனார் இருக்கும் வீட்டில் பெண்ணைக் கொடுக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார். தங்கள் வீட்டு ஆண்கள் ஒரு ஆணிகூட அடிக்கமாட்டார்கள் என்று வருத்தப்பட்டார். கத்தாஸ் நெஞ்சை நிமிர்த்தினார். அப்பா படத்தைக்கூட நேராக மாட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"எங்க குளியலறைத் தரையும் கொஞ்ச நாளா ஒரு பக்கம் இறங்கிட்டே போகுது" என்றார் சம்பந்தியம்மா.

"கவலையே படாதீங்க" என்றாள் உம்மு ரம்ஸி, அவருக்கு இன்னொரு கிளாஸ் தேநீர் ஊற்றியபடி. "வெள்ளிக்கிழமை கடப்பாரையோட அனுப்பி வைக்கறேன். அன்னைக்கு இவர் வீட்ல சும்மாதான் இருப்பார்."