பையத் தொறங்க சார்

நெமிலிச்சேரியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பையே நடுங்க வைத்த ஒரே ஆள், போலீஸோ ரவுடியோ அல்ல. வீட்டு வேலைக்கு வந்த செக்கிங் அக்காதான்.

இரண்டாம் மாடி வீட்டில் ஒருமுறை தங்கச் செயின் காணாமல் போனது. பழி அக்கா மேல் விழுந்தது. மூன்றாம் நாள் செயின் அந்த வீட்டு வாஷிங் மெஷினுக்குள்ளேயே கிடைத்தது. ஆனாலும் 'அவளுக்குக் கை சுத்தமில்லை' என்ற பேச்சு மாடி மாடியாக ஏறிவிட்டது.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் அக்கா தன் பையை எங்கள் கூடத்தில் கவிழ்ப்பார். சீப்பு, ரயில் சீசன் டிக்கெட், பாதி முறுக்கு. "நல்லா பாத்துக்கமா. அப்பால அது காணோம் இது காணோம்னு சொல்லக் கூடாது." என் மனைவி "போதும்கா" என்று கெஞ்சினாலும் விடமாட்டார். முறுக்கை உடைத்தும் காட்டுவார். 'செக்கிங் அக்கா' என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருநாள், 'வேலையாட்களின் பைகள் சோதிக்கப்படும்' என்று கேட்டில் எழுதி ஒட்டினார். மறுநாள் காலை அவர் பெரிய பையோடு கிளம்ப, அக்கா குறுக்கே நின்றார்.

"பையத் தொறங்க சார்."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும். நீங்களும் வேல பாக்குறவருதான? சங்கத்து வேல."

வாட்ச்மேன் வானத்தைப் பார்த்தார். வாக்கிங் போனவர்கள் நின்றுவிட்டார்கள். பையைத் திறந்தால், மாடிப்படிக்கென்று சங்கம் வாங்கிய ஆறு பல்புகள்.

"ஞாபக மறதியா எடுத்து வச்சிட்டேன்" என்றார் செயலாளர்.

"நீங்க எடுத்தா மறதி. நான் எடுக்கலன்னாலும் திருட்டு. நல்லாகீது சார் நாயம்."

அக்காவை வேலையிலிருந்து நிறுத்த சங்கம் கூடியது. "நிறுத்துங்க. ஒவ்வொரு ஊட்டுப் பையயும் பாத்துட்டுத்தான் போவேன்" என்றார் அக்கா. கூட்டம் கலைந்தது. அன்று மாலையே கேட்டில் ஒட்டிய தாளும் காணவில்லை.

"இந்தத் தைரியம் யாருக்கு வரும்கா" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"திருடின்னு பேருதான் வந்துட்ச்சே, எடுத்தா இன்னான்னு எனக்கே ஒரு நாள் தோணிச்சி சார். உங்க ஊட்டு வாஷ்பேசின்ல மோதிரம் கெடந்திச்சி. இடுப்புல சொருவிகினு கேட்டு வரிக்கும் போயிட்டேன்."

"அப்புறம்?"

"அவங்க சொன்னத நானே நெசமாக்கணுமான்னு கோவம் வந்திச்சி. திரும்பி வந்து வெச்சிட்டேன்."

மோதிரம் போனதும் எங்களுக்குத் தெரியாது, வந்ததும் தெரியாது. உள்ளே போய் இரண்டு டீ போட்டு வந்தேன். அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"சக்கர கம்மி சார்" என்றார்.

எழுந்து போய் இன்னொரு ஸ்பூன் போட்டுக்கொண்டு வந்தேன்.