கடைசி ரீலின் மேல் ஏறி நின்றவன்

நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனால் பாறசாலையிலிருந்து பூவார் வரை, என் மரமில்லில் அறுத்த பலகை இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தொட்ட காரியம் எதிலும் நான் தோற்றதில்லை. (இந்த இடத்தில் என் மனைவி இருமுவாள்.) ஒன்றே ஒன்று உண்டு. அதில் தோற்றதை மூன்று குடும்பத்துக்குப் பங்கு வைக்கலாம்.

தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று எல்லைப் போராட்டம் கொதித்த காலம். எங்கள் வீட்டிலும் ஓர் எல்லைத் தகராறு இருந்தது. அப்பாவும் அவர் தங்கையான என் அத்தையும் அடுத்தடுத்த வீடு. நடுவில் நின்ற அயினி மரம் யாருக்கு என்று தொடங்கி, ஒன்பது மாதமாகப் பேச்சில்லை. அத்தை மகள் எஸ்தர் எனக்கு என்று சின்னதிலேயே சொல்லி வைத்தது. இப்போது அத்தை, ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்து வாத்தியார் மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டாள்.

அப்போது நான் சினிமாக் கொட்டகையில் பெட்டி சுமக்கிறவன். ஒரே படத்தை நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் ஓட்டுவார்கள். அங்கே ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் கட்டி இங்கே கொண்டு வர வேண்டும். அந்த வாரம் வந்தது, நான் நாகர்கோவிலில் நாடகமாகப் பார்த்து அழுத கதை. அண்ணன் தங்கையை வீட்டை விட்டு இறக்கிவிட்டு நடுவில் வேலி கட்டுவான். கடைசியில் தன் கையாலேயே வேலியைப் பிடுங்கி, தங்கை காலில் விழுவான். இதைவிட மருந்து உண்டா?

அப்பா சபையில் மூப்பர். “எலே, சினிமா பாவமாக்கும்,” என்றார்.

“இது நாடகமாக்கும் அப்பா. படம் எடுத்தது பின்னயாக்கும்.”

“அப்ப பாதிப் பாவம்,” என்று சட்டையை மாட்டினார்.

சனிக்கிழமை மத்தியானக் காட்சி. அப்பா வருவதை அத்தையிடம் சொல்லாமல், என் தங்கை லில்லியோடு அவளையும் அழைத்து வந்தேன். ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரிக்கும் கயிற்றுக்கு அங்கிட்டும் இங்கிட்டுமாக இருவரையும் உட்கார வைத்துவிட்டு, கடைசிப் பெட்டியை எடுக்க நெய்யாற்றின்கரைக்குச் சைக்கிளைச் சவிட்டினேன்.

திரும்பும் வழியில் உதியன்குளங்கரையில் எல்லைப் போராட்ட ஊர்வலம். ரோடு அடைத்துக் கிடந்தது. பேச வேண்டிய தலைவர் வரவில்லை.

“பேசத் தெரிஞ்ச ஆளு உண்டா?” என்று யாரோ கேட்டார்கள்.

“உண்டு,” என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. ஒதுங்கிப் போயிருந்தால் வழி விட்டிருப்பார்கள்.

உயரம் போதாமல் ரீல் பெட்டியை இறக்கி அதன்மேல் ஏறினேன். பிரிந்தவர்கள் சேர வேண்டும் என்று அரை மணி நேரம் முழங்கினேன். கைதட்டக் கைதட்ட எனக்கு நேரம் மறந்தது. எங்கள் வீட்டைச் சேர்த்து வைக்க வேண்டியது என் காலடியில் கிடந்தது. போலீஸ் லாரி வந்தது.

“எந்தாடா பெட்டியில்?”

“கதையோட முடிவாக்கும், ஏமானே.”

“ஸ்டேஷனில் போயி நோக்காம்,” என்று போலீஸ்காரர் பெட்டியையும் என்னையும் லாரியில் ஏற்றினார்.

கொட்டகையில் நடந்ததைப் பிறகு லில்லி சொன்னாள். அண்ணன் வேலி கட்டி முடித்த இடத்தில் வெள்ளைத் திரை. முக்கால் மணி காத்திருந்து, படம் இவ்வளவுதான் என்று ஆட்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்பா எழுந்தார்.

“அவன் ஆம்பிளை. கெட்டினான் பாத்தியா வேலி.”

கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை சொன்னாள்: “அந்தப் பெண்ணு எதுக்கு அழுதா? நான் அழமாட்டேன், கேட்டீரா.”

ஒன்பது மாதத்துக்குப் பிறகு பேசிக்கொண்டது அதுதான். அதற்குப் பிறகு சாகும்வரை அவர்கள் பேசவே இல்லை.

ஞாயிறு சாயங்காலம் என்னை விட்டார்கள். வீட்டுக்கு வந்தால் அப்பா வேலிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருக்கிறார். அத்தை வாக்குக் கொடுத்தாகிவிட்டது. விடுவேனா? முற்றத்தில் நின்று கடைசி ரீலை நானே நடித்தேன். அண்ணனாக அழுதேன், தங்கையாகவும் அழுதேன், ஒரு கம்பைப் பிடுங்கினேன்.

“அதை எடுத்த இடத்துல நடுலே,” என்றார் அப்பா. நட்டேன்.

வேலிக்கு அப்பால் எஸ்தர் நின்றாள். கண் சிவந்திருந்தது.

“அத்தான், பெட்டிய எங்க வச்சிட்டுப் பேசினீரு?”

“காலுக்கு அடியில.”

“செரி. அங்கேயே இருக்கட்டும்,” என்று உள்ளே போய்விட்டாள்.

அத்தனை முழங்கியும் எங்கள் தாலுகா சேரவில்லை. அதற்கும் என் பேச்சுதான் காரணம் என்பார் அப்பா. அவர் காலத்துக்குப் பிறகு அந்த அயினியை நானே என் மில்லில் அறுத்து, பாதிப் பலகையை எஸ்தர் வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாளே அதே வண்டியில் திரும்பி வந்தது.

போன வருஷம் அவள் பேத்தி கலியாணத்தில் என்னை வாழ்த்திப் பேசக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேன். முன்வரிசையில் பல்லில்லாத ஒரு குரல்:

“அத்தான், காலுக்கு அடியில என்ன கெடக்குன்னு பாத்துட்டுப் பேசும்.”

பந்தல் முழுக்கச் சிரித்தது. என் மனைவிதான் முதலில் சிரித்தாள். நான் குனிந்து பார்த்தேன்.