முதல் பாகம் போல் இல்லை

ஜனநாயகம் எங்கே பிறந்தது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எங்கே முழுமை அடைந்தது என்பதில் வேறுபாட்டுக்கு இடமே இல்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோர நகரியம் ஒன்றின் பொழுதுபோக்கு மன்றத்தில், 2002-ஆம் ஆண்டு, ஆயுத பூஜைக்கு அடுத்த சனிக்கிழமை மாலையில்தான்.

அதை நிகழ்த்திக் காட்டியவர் பக்தவத்சலம். படாளத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. நகரிய அலுவலகத்தில் எழுத்தர், மன்றத்துக்குக் கௌரவச் செயலாளர். மன்றத் தலைவரான முத்துசாமிதான் அலுவலகத்தில் அவருக்கு மேலதிகாரி. பக்தவத்சலத்தின் பதவி உயர்வுக் கோப்பு தலைவரின் மேசையில் ஆறு மாதமாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. அதற்கும் மன்றப் பணிக்கும் தொடர்பே இல்லை என்று பக்தவத்சலம் யாரும் கேட்காமலே சொல்லிவந்தார்.

அன்றைக்குத் திரையிடப்பட்டது ‘பூசணிப் பூதம் – பாகம் 2’ என்ற ஆங்கிலப் படம். தமிழ் பேசியது. வெளிநாட்டில் ஹாலோவீன் என்று ஒரு பண்டிகையாம். பூசணிக்காயைக் குடைந்து, கண் மூக்கு வைத்து, உள்ளே விளக்கேற்றுவார்களாம். அப்படி ஒரு பூசணிதான் பூதம். இந்தப் படத்தில் அதைப் பார்த்து ஊரில் யாரும் பயப்படுவதில்லை. பயப்பட ஆளில்லாமல் பூதம் வாடி வதங்குகிறது. ஒரே ஒரு சிறுமி மட்டும் தினமும் வந்து, மனசாரப் பயந்துவிட்டுப் போய், அதைப் பிழைக்க வைக்கிறாள். குடும்பத்தோடு பார்க்கத்தக்க படம் என்று சுவரொட்டியிலேயே போட்டிருந்தது.

படம் முடிந்ததும் யாரும் எழுந்து போகக்கூடாது என்று பக்தவத்சலம் ஒலிபெருக்கியில் அறிவித்தார். ‘பார்வையாளர் கருத்துக்கேட்புப் படிவம்’ அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. பெயர், குடியிருப்பு எண், கருத்து, கையொப்பம். சைக்ளோஸ்டைல் மையில் ‘ட்பு’ சரியாக விழாததால், சில படிவங்களில் அது ‘கருத்துக்கேடு’ என்று படிக்கும்படி இருந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

எண்பத்தாறு படிவங்கள் விநியோகமாயின. பேனாக்கள் மூடி திறந்தன. ஆனால் ஒன்றும் எழுதவில்லை.

“இன்னா சார், எழுதலியா?” என்று கிடங்குப் பிரிவு காசிநாதனைக் கேட்டார் பக்தவத்சலம்.

“பேரு எழுதிட்டேன்பா.”

“கருத்து?”

காசிநாதன் முன்வரிசையைக் கண்ணால் காட்டினார். “அவரு முதல்ல எழுந்திருக்கட்டும்.”

முன்வரிசை நடுவில், மெத்தை போட்ட நாற்காலியில் தலைவர் முத்துசாமி உறங்கிக்கொண்டிருந்தார். பூதம் முதல் முறை சிரித்தபோது தொடங்கிய உறக்கம் அது. பள்ளி ஆசிரியை ஜெஸ்ஸி தன் படிவத்தில் ‘நன்றாக’ வரை எழுதி, ‘இருந்தது’ போடுவதா ‘இல்லை’ போடுவதா என்று பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்.

விளக்கின் வெளிச்சம் பட்டுத் தலைவர் விழித்தார். அரங்கமே தன்னைப் பார்ப்பதைக் கண்டார். பெரிய பதவிக்கு வருகிறவர்கள் இப்படிப்பட்ட நேரத்தில்தான் தங்கள் தகுதியைக் காட்டுகிறார்கள். தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பெருமூச்சு விட்டு, “பரவாயில்லை. ஆனா முதல் பாகம் போல் இல்லை” என்றார்.

அத்தனை பேனாக்களும் ஒரே நேரத்தில் இறங்கிய ஓசை, மழை பிடித்துக்கொண்டது போல் கேட்டது.

படிவங்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஆபரேட்டர் துரை படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கடப்பாக்கத்துக்காரன். உள்ளதை உள்ளபடி பேசும் நோய் அவனுக்கு உண்டு.

“அண்ணாத்த, முதல் பாகம் நம்ம மன்றத்துக்கு வரவே இல்லியே. செங்கல்பட்டுலகூட ஓடல. இவங்கல்லாம் எங்க பார்த்தாங்களாம்?”

“உனக்கு இன்னா தெரியும்? படிச்சவங்க, பார்க்காமலே சொல்வாங்க” என்று பக்தவத்சலம் அவனை அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து படிவங்களை எண்ணினார். எண்பத்துநான்கு பேர், எழுத்துப் பிசகாமல், ‘முதல் பாகம் போல் இல்லை’. ஜெஸ்ஸி மட்டும் ‘முதல் பாகம் நன்றாக இருந்ததுபோல் இது இல்லை’ என்று ஏற்கெனவே எழுதிய சொல்லை வீணாக்காமல் முடித்திருந்தார். அதுவும் கணக்கில் சேர்ந்தது. எண்பத்தாறாவது படிவத்தில் பென்சிலில், குண்டு குண்டு எழுத்தில் இப்படி இருந்தது:

‘படம் ரொம்ப நல்லா இருந்துச்சு. பூதம் வாடினப்போ நான் அழுதேன். தலைவர் மாமா தூங்கிட்டதால அவருக்குத் தெரியாது.’

கையொப்பம்: ப. ஸ்ரீதேவி, நான்காம் வகுப்பு.

அவருடைய சொந்த மகள். கடைசி வரியை இரண்டாம் முறை படிக்கும்போது கோப்பு இருக்கும் மேசையும், மேசைக்குப் பின்னால் இருக்கும் முகமும் கண்ணுக்குத் தெரிந்தன.

“ஸ்ரீ, இங்க வாம்மா. இத வேற மாதிரி எழுதித் தரணும்.”

“ஏம்பா? எழுத்து தப்பா?”

“எழுத்து சரிதான். கருத்துதான் தப்பு.”

அடுப்படியிலிருந்து அவர் மனைவி லதா எட்டிப் பார்த்தாள். “இன்னாங்க இது? கொழந்த பார்த்தத எழுதிக்கீது. அதுல இன்னா தப்பு?”

“உனக்குப் புரியாது லதா. எண்பத்தஞ்சு பேரு ஒரே மாதிரி சொல்லிக்கிறாங்க. ஒருத்தர் மாறினா அது பிளவு. எல்லாரும் சொன்னா அது ஏகமனது.”

“ஏகம் கீது. மனசுதான் இல்ல” என்று சொல்லிவிட்டு அவள் தாளிக்கப் போனாள்.

ஸ்ரீதேவி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் முதல் பாகம் பார்க்கலியேப்பா.”

“யாருமே பார்க்கலம்மா.”

“அப்போ நான் அழுதது?”

பக்தவத்சலம் ரப்பரை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, “அழுதுக்கோ. யாரு வேணாம்னது? படிவத்துல வேணாம்” என்றார்.

அவள் ரப்பர் எடுத்து அழித்தாள். ‘அழுதேன்’ என்ற சொல் அழுத்தி எழுதியிருந்ததால் தடம் போகவில்லை. அதன் மேலேயே ‘முதல் பாகம் போல் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சாப்பாடு வேண்டாம் என்று போய்ப் படுத்துக்கொண்டாள். பக்தவத்சலம் படிவத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தார். அந்தத் தடம் அவருக்கு என்னவோ செய்தது. ஆனால் மேலோட்டமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது என்று ஆறுதல் கொண்டார். மேலிடத்தில் எல்லோரும் மேலோட்டமாகத்தானே பார்ப்பார்கள்.

செயற்குழு கூடியது. ‘நூறு சதவீதக் கருத்து ஒற்றுமை’ என்ற தலைப்பில் பக்தவத்சலம் வாசித்த அறிக்கையைத் தலைவர் இருமுறை தலையசைத்துக் கேட்டார். ஒரு வாரத்தில் கோப்பு மேசையை விட்டு நகர்ந்தது. உறுப்பினர்கள் அனைவரும் ஒருமனதாகப் போற்றிய முதல் பாகத்தை உடனே தருவித்துத் திரையிட வேண்டும் என்று தீர்மானமும் நிறைவேறியது. தங்களுக்கு மிகவும் பிடித்த படத்தை முதன்முறையாகப் பார்க்க எல்லோரும் ஆவலோடு இருந்தார்கள்.

சென்னை முழுக்க அலைந்து துரை பெட்டியைக் கொண்டுவந்தான். நவம்பரில் ஒரு ஞாயிறு மாலை. கூட்டம் நிரம்பி வழிந்தது. விதி என்னவென்றால், தலைவருக்கு நெம்மேலியில் ஒரு கிருகப்பிரவேசம். பெயர் போட்டதும் எழுந்தவர், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

படம் முடிந்தது. படிவங்கள் சென்றன. படிவங்கள் திரும்பின. பெயர் இருந்தது, குடியிருப்பு எண் இருந்தது, கையொப்பம் இருந்தது. கருத்து என்ற இடம் மட்டும் எல்லாவற்றிலும் சலவை செய்த வேட்டியாக இருந்தது. காசிநாதன் மட்டும் ஓரத்தில், ‘ஒரு வாரம் அவகாசம் தேவை’ என்று குறித்திருந்தார்.

பக்தவத்சலம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். சவுக்குத் தோப்பிலிருந்து காற்று வந்தது. படம் ஓடும்போது ஒருமுறை அவர் மகளைத் திரும்பிப் பார்த்திருந்தார். அவள் திரையைப் பார்க்கவில்லை. முன்வரிசையின் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இப்போது நினைவுக்கு வந்து உறுத்தியது. பதவி உயர்வு உத்தரவு சட்டைப் பையில் இருந்தது. இனிமேல் கேட்டால் என்ன என்று தோன்றியது.

“ஸ்ரீ, படிவம் இல்ல, கிடிவம் இல்ல. சும்மா அப்பாகிட்ட சொல்லு. உனக்குப் படம் பிடிச்சுதா?”

அவள் நின்றாள். நன்றாக யோசித்தாள். நான்காம் வகுப்பிலேயே நகரியத்தின் மூத்த உறுப்பினர்களுக்குச் சமமான பக்குவம் வந்துவிட்டிருந்தது.

“தலைவர் மாமா ஊர்லேர்ந்து வரட்டும்பா” என்றாள். “அப்புறம் சொல்றேன்.”